ஒரு ஸ்பேனர் போதும்!

‘விண்டேஜ்’னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஊட்டி ரோட்டுல வரிசையா போற பழைய கார், ஜாவா, ராஜ்தூத்... ரூம் சுவத்துல போஸ்டரா ஒட்டுற மாதிரி அழகான வண்டிங்க. இந்த வாரம் நாம பேசப்போற ஆளுக்கு அந்த லிஸ்ட்ல இடமே கிடையாது. ஸ்பீடு? கொஞ்சம் மூச்சுப் பிடிச்சு மிதிச்சா சைக்கிள்காரரே ஓவர்டேக் பண்ணிடுவார். சத்தம்? பக்கத்துல நிக்கிறவர் பேசறதே கேட்காது. ஆமா பாஸ்... டிராக்டர்! அதுவும் அரதப் பழசான டிராக்டர்!

மேட்டர் ஒரு பொங்கல் லீவுல ஆரம்பிச்சது. பெரியப்பா வீட்டுக் களத்துல ஒரு சிவப்பு டிராக்டர் நிக்குது. பெயின்ட் வெளுத்து, சீட்டு கிழிஞ்சு, பானெட்ல கோழி உட்கார்ந்திருக்கும். புது டிராக்டர் வந்துட்டதால இதுக்கு வேலை இல்ல. காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு விலை பேசிட்டுப் போயிட்டார். ‘போறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டிக்கிறேன் பெரியப்பா’ன்னு கெஞ்சி, கெத்தா ஏறி உட்கார்ந்தேன். வாய்க்கால் வரைக்கும் சூப்பரா போச்சு. அங்க போனதும் ரெண்டு தடவை இருமிட்டு நின்னுடுச்சு. டேங்க்ல டீசல் இருக்கான்னு பார்க்காம கிளம்புனது யாரு? ஐயாதான்!

கேன்ல டீசல் கொண்டு வந்து ஊத்தி, செல்ஃப் அடிச்சா... சுத்துது, சுத்துது, பிடிக்கவே மாட்டேங்குது. நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். டீசல் சைக்கிள் வரைபடத்தை தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். பெரியப்பா பையன் படிச்சது பி.காம். அண்ணன் மடிச்சுக் கட்டுன லுங்கியோட, கையில ஒரே ஒரு ஸ்பேனரோட வந்தார்.

“என்ன இன்ஜினீயர் சார், என்ன ஆச்சு?”

“தெரியல அண்ணா. டீசல் ஊத்திட்டேன்...”

“டீசல் ஊத்திட்ட. உள்ள இருக்குற காத்தை யாரு வெளிய விடுவா?”

அவ்வளவுதான். டேங்க் காலியானா பைப்புக்குள்ள காத்து புகுந்துடும். டீசலை அமுக்கினா அது அழுத்தத்தோட நாசிலுக்குப் போகும். காத்தை அமுக்கினா அது சும்மா சுருங்கும். அதனால நாசில் பீய்ச்சாது. அண்ணன் ஃபில்டர் மேல இருக்குற சின்ன போல்ட்டை லேசா லூஸ் பண்ணி, பம்ப்புல இருக்குற கை நெம்புகோலை அடிச்சார். நுரை நுரையா வந்துச்சு. நுரை நின்னு சுத்தமான டீசல் வந்ததும் போல்ட்டை இறுக்கினார். அடுத்து பம்ப்புல இருக்குற போல்ட். கடைசியா நாசில் பைப் நட்டு. பத்து நிமிஷம். செல்ஃப் அடிச்சதும் வண்டி ‘டம்... டம்...’னு எழுந்து நின்னுடுச்சு. நாலு வருஷம் படிச்ச எனக்கு அந்தப் பத்து நிமிஷத்துலதான் டீசல் இன்ஜின் புரிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரியே இந்த வண்டியோட பூர்வீகத்தைத் தேட ஆரம்பிச்சேன். சிவப்பு வண்டியோட தாத்தா சாம்பல் கலர்! ஊர்... அயர்லாந்து!

விமானம் விட்ட விவசாயி மகன்

ஹாரி ஃபெர்குசன். 1884-ல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்துல ஒரு விவசாயக் குடும்பத்துல பிறந்தவர். மெஷின் பைத்தியம். 1909 டிசம்பர் 31-ம் தேதி, தானே கட்டின விமானத்துல ஏறிப் பறந்தார். அயர்லாந்துலயே முதல்ல பறந்த மனுஷன் இவர்தான்.

முதல் உலகப்போர் நேரம். உணவுப் பஞ்சம் வந்துடக் கூடாதுன்னு டிராக்டர்களை நல்லபடியா வேலை வாங்கற பொறுப்பு 1917-ல் இவர்கிட்ட வந்துச்சு. ஊர் ஊராப் போய்ப் பார்த்தவருக்கு ஒரு விஷயம் உறுத்துச்சு. மாட்டைக் கழட்டிட்டு அந்த இடத்துல டிராக்டரைக் கட்டியிருக்காங்க. பின்னால கலப்பை பழையபடி ஒரு சங்கிலியிலயோ கொக்கியிலயோ இழுபடுது. மாடா இருந்தா, கலப்பை பாறையில மாட்டினதும் நின்னுடும். டிராக்டர் நிக்காது. கலப்பை நகராது, பின் சக்கரம் சுத்தியே தீரும்... அப்போ என்ன நடக்கும்? முன்பக்கம் குதிரை மாதிரி எழும்பும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வண்டி பின்பக்கமா கவிழ்ந்து, ஓட்டுறவர் மேலயே விழும். இப்படி நிஜமாவே ஆட்கள் செத்துக்கிட்டு இருந்தாங்க.

எல்லாரும் என்ன யோசிச்சாங்க? வண்டியை இன்னும் கனமாக்கு, அப்போ எழும்பாது! ஃபெர்குசன் யோசனை வேற. கலப்பையும் டிராக்டரும் ரெண்டு தனித்தனி பொருளா இருக்கறதுதான் பிரச்னை, ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா?

அப்படிப் பிறந்ததுதான் மூணு முனை இணைப்பு. கீழே ரெண்டு கை, மேலே ஒரு கை (நம்ம ஊர்ல ‘டாப் லிங்க்’னு சொல்வாங்களே, அதேதான்). கலப்பை மண்ணுல மாட்டினதும் முன்பக்கமா குப்புற விழப் பார்க்கும். அப்போ மேல் கை டிராக்டரை முன்பக்கமா தள்ளும். எழும்பப் பார்க்குற முன் சக்கரத்தை அந்தத் தள்ளே கீழ அமுக்கிடும். கவிழ்க்கிற விசையையே காப்பாத்துற விசையா மாத்திட்டார் மனுஷன்!

இன்னொரு புத்திசாலித்தனமும் உண்டு. மேல் கை எவ்வளவு தள்ளுதுன்னு ஒரு ஸ்பிரிங் உணரும். மண்ணு இறுகி, தள்ளு அதிகமானா ஹைட்ராலிக் வால்வு திறந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கும், இளகினா இறக்கும். பாறையிலயே மாட்டிக்கிட்டா கலப்பையோட பாரம் பின் சக்கரத்துல இருந்து விலகி, சக்கரம் நின்ன இடத்துலயே வழுக்கும். வண்டி கவிழாது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு ஸ்பிரிங், ஒரு வால்வு, கொஞ்சம் எண்ணெய். அவ்ளோதான்! இதுக்கு 1926-ல் காப்புரிமை. இன்னிக்கு உங்க ஊர்ல எந்த கம்பெனி டிராக்டரா இருந்தாலும் பின்னால போய்ப் பாருங்க, அந்த மூணு கையும் இருக்கும்.

1938-ல் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டுக்கு டெமோ காட்டினார். ஃபோர்டு அசந்துட்டார். ரெண்டு பேரும் கை குலுக்கினாங்க. எழுத்துல ஒப்பந்தம் எதுவும் இல்ல, கை குலுக்கல் மட்டும்தான்! 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டர் வந்துச்சு. பின்னால ஃபோர்டோட பேரன் பொறுப்புக்கு வந்ததும் அந்தக் கை குலுக்கல் செல்லாதுன்னு ஆயிடுச்சு. ஃபெர்குசன் கேஸ் போட்டு, 1952-ல் 92.5 லட்சம் டாலர் வாங்கினார். (நண்பனோட பிசினஸ் ஆரம்பிக்கப் போற மக்களே, எழுதி வாங்குங்க!)

குட்டி சாம்பல் ஃபெர்கி

கேஸ் ஒரு பக்கம் கிடக்கட்டும்னு, இங்கிலாந்தின் கோவென்ட்ரியில 1946-ல் சொந்த டிராக்டரை இறக்கினார். டிஇ20. ‘டிராக்டர் இங்கிலாந்து’ங்கறதோட சுருக்கம்தான் அந்த டிஇ. 1956 வரைக்கும் 5 லட்சத்து 17 ஆயிரத்துக்கு மேல தயாராச்சு. ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டுற எடை. முன்னால போக நாலு கியர், பின்னால வர ஒண்ணு. எல்லாமே ஒரே சாம்பல் கலர். அதனால அங்க செல்லப் பேரு ‘குட்டி சாம்பல் ஃபெர்கி’.

இதுல செல்ஃப் அடிக்க பட்டன் கிடையாது. கியர் லிவரையே ஒரு ஓரமா தள்ளினாத்தான் ஸ்டார்ட் ஆகும். ஏன்? லிவர் அந்த இடத்துல இருக்கும்போது எந்த கியரும் விழுந்திருக்க முடியாது. கியர்ல நிக்கிற வண்டியை மறந்து ஸ்டார்ட் பண்ணி, முன்னால நிக்கிறவர் மேல ஏத்துற விபத்து நடக்கவே வழி இல்ல. எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுறதைவிட இது எவ்வளவு மேல!

அடுத்தது, நம்ம தலைப்பு. கலப்பையிலயும் மத்த கருவிகள்லயும் இருக்குற நட்டு, போல்ட்டெல்லாம் பெரும்பாலும் ரெண்டே சைஸ். அதுக்கு ரெண்டு முனை இருக்குற ஒரே ஸ்பேனர் கொடுத்தாங்க. அந்த ஸ்பேனர் மேலயே அங்குலக் கோடும் போட்டிருக்கும். வயல்ல நின்னுக்கிட்டு, கலப்பையை அளக்கவும் அதுதான், திருப்பவும் அதுதான். விவசாயி கையில என்ன இருக்கும்னு யோசிச்சு மெஷின் செஞ்சிருக்காங்க. மெக்கானிக் ஷாப்புல என்ன இருக்கும்னு யோசிக்கல!

இந்தக் குட்டி வண்டியை எட்மண்ட் ஹிலாரி (எவரெஸ்ட் ஏறினாரே, அவரேதான்) அன்டார்க்டிகாவுக்குக் கொண்டு போனார். சக்கரத்துல செயின் பட்டை மாட்டி, பனியில ஓட்டி, 1958 ஜனவரி 4-ம் தேதி மூணு ஃபெர்குசன் டிராக்டரோட தென் துருவத்தைத் தொட்டார். தரை வழியா அங்க போன முதல் மோட்டார் வண்டி எதுன்னு க்விஸ்ல கேட்டா, தயங்காம ‘டிராக்டர்’னு சொல்லுங்க.

1953-ல் ஃபெர்குசன் கம்பெனி கனடாவின் மாஸி-ஹாரிஸோட இணைஞ்சுது. 1956-ல் ‘35’ங்கற அடுத்த மாடல் வந்து, கொஞ்ச நாள்ல சிவப்பு கலருக்கு மாறுச்சு. 1960-ல் சென்னையில டாஃபே தொடங்கினாங்க, மாஸி ஃபெர்குசனோட கூட்டு. அந்த 35-ஓட வம்சம்தான் நம்ம ஊர் 1035. பெரியப்பா களத்துல கோழிக்கு பெஞ்சா நிக்கிற வண்டி யார் வீட்டுப் பிள்ளைன்னு இப்போ புரியுதா?

வெச்சுக்கிறது ஈஸியா?

பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் இந்த சாம்பல் வண்டிக்குன்னே ரசிகர் சங்கங்கள் உண்டு. ஞாயித்துக்கிழமை ஆனா வண்டியை எடுத்துக்கிட்டு உழவுப் போட்டிக்குக் கிளம்பிடுவாங்க. லட்சக்கணக்குல ஓடின வண்டிங்கறதால உதிரி பாகத்துக்கும் பஞ்சம் இல்ல. ஆனா பழைய டிராக்டர் வெச்சுக்கிறது ஷோகேஸ் பொம்மை வெச்சுக்கிறது மாதிரி இல்ல. அது தினமும் ஏதாவது சொல்லிக்கிட்டே இருக்கும், காது கொடுக்கணும்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில், ரேடியேட்டர் தண்ணி, டீசல் (நான் பட்ட பாடு!), டயர் நாலும் பாருங்க. ஆயில் டீ மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம், ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. பழைய வண்டி வாங்கப் போனாலும் முதல்ல பார்க்க வேண்டியது இதுதான். அடுத்து லிஃப்ட். கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. தூக்கினபடியே நிக்குதா, டொப்புனு விழுதான்னு பார்த்தா ஹைட்ராலிக் ஜாதகம் தெரிஞ்சுடும். மறந்தும் தூக்கின கலப்பைக்கு அடியில கையோ காலோ வெச்சுடாதீங்க!

ஏர் கிளீனர். பழசுல பேப்பர் ஃபில்டர் கிடையாது. கீழ ஒரு கிண்ணத்துல எண்ணெய் இருக்கும். உள்ள போற காத்து அதுல பட்டு, தூசியை விட்டுட்டுப் போகும். புழுதியில வேலை செஞ்சா தினமும் கழட்டிப் பார்க்கணும். அடியில சேறு மாதிரி படிஞ்சிருக்கும். அது அத்தனையும் இன்ஜினுக்குள்ள போயிருக்க வேண்டியது!

பிரிட்டன்ல சில சாம்பல் வண்டிங்க மண்ணெண்ணெய் மாதிரி ஒரு எரிபொருள்ல ஓடினது. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் நல்லா சூடானதும் மாத்தணும். அவசரப்பட்டு மாத்தினா எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங் வழியா கீழ இறங்கி இன்ஜின் ஆயில்ல கலந்துடும். நமக்கெல்லாம் ஆயில் குறைஞ்சாத்தானே பயம்? அந்த வண்டிக்காரருக்கு ஆயில் ஏறினா பயம்! அங்க குளிர் வேற சேர்ந்துக்கும். ரேடியேட்டர்ல வெறும் தண்ணி விட்டு வெச்சா ராத்திரியில ஐஸாகி விரிஞ்சு இன்ஜின் பிளாக்கையே பிளந்துடும்.

ஓட்டுறதுக்கு வருவோம். இடது, வலது பின் சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக். வயல் மூலையில ஒரு பக்கம் மட்டும் மிதிச்சா வண்டி சட்டுனு திரும்பும். அதையே ரோட்டுல மறந்து ஒண்ணை மட்டும் மிதிச்சா கவிழ்ந்துடும். ரோட்டுக்கு ஏறும்போது ரெண்டு பெடலையும் சேர்த்துப் பூட்டிட்டுதான் ஏறணும். பின்னால சுத்துற பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுத்து... அதாவது விநாடிக்கு 9! துப்பட்டா, வேட்டி நுனி மாட்டினா ‘ஐயோ’ங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். கவர் இல்லாம ஓட்டவே கூடாது.

எல்லாத்தையும்விட முக்கியமானது ஒண்ணு. சேத்துல மாட்டின வண்டியை இழுக்கறேன்னு சங்கிலியை டாப் லிங்க்லயோ அச்சு மேலயோ கட்டாதீங்க. கீழ இருக்குற இழுவைக் கம்பியில மட்டும்தான் கட்டணும். உயரத்துல கட்டினா ஃபெர்குசன் எதைத் தடுக்கப் பாடுபட்டாரோ அதையே நாம திரும்பக் கூப்பிடுறோம். முன்பக்கம் எழும்பும், வண்டி பின்னால விழும். அந்தக் காலத்து வண்டியில தலைக்கு மேல காப்புச் சட்டமும் கிடையாது. புது டிராக்டருக்கு அது கட்டாயம்னு ஸ்வீடன் சட்டம் போட்டதே 1959-லதான். ‘அந்தக் காலத்துல எல்லாமே பெஸ்ட்’னு யாராவது பீலா விட்டா இதைச் சொல்லுங்க. பழசுல காதும் போகும், கவனம் இல்லேன்னா உயிரும் போகும்.

வாங்கினது நம்மளுதா?

அப்புறம் ஏன் இதைக் கொண்டாடணும்? புது டிராக்டர் பவரா இருக்கு, பாதுகாப்பா இருக்கு, டீசலும் மிச்சம். உண்மைதான். ஆனா ஒரு விஷயத்துல பழசு ஜெயிக்குது. திறந்து பார்த்தா புரியுது.

அமெரிக்காவுல இது பெரிய சண்டை. இப்போ வர்ற பெரிய டிராக்டர்ல எல்லாமே சாஃப்ட்வேர். ஒரு சென்சார் கோளாறுன்னா, கம்பெனியோட சாஃப்ட்வேர் இருக்குற டீலர் வந்து பார்க்குற வரைக்கும் அறுவடை காத்திருக்கணும். கோடிக்கணக்குல காசு போட்டு வாங்கின வண்டியை, வாங்கினவர் சரி பண்ண முடியாது. விவசாயிங்க போராடினாங்க. 2023-ல் கொலராடோ மாநிலம், விவசாயக் கருவிகளை விவசாயியே பழுது பார்க்க வேண்டிய தகவலையும் கருவியையும் கம்பெனி கொடுத்தே ஆகணும்னு சட்டம் போட்டுச்சு. 2025 ஜனவரியில அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதே விஷயத்துக்காக ஜான் டியர் கம்பெனி மேல வழக்கே போட்டுச்சு.

‘இது அமெரிக்கா கதை பாஸ்’னு நகராதீங்க. 2022-ல் நம்ம மத்திய நுகர்வோர் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு போட்டப்ப, முதல்ல எடுத்துக்கிட்ட நாலு விஷயம் என்ன தெரியுமா? விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம். டிராக்டரும் உங்க பாக்கெட்ல இருக்குற போனும் ஒரே லிஸ்ட்ல! பேட்டரி மாத்த முடியாம ஒட்டி வெச்ச போன், ரெண்டு வருஷத்துல ‘புதுசு வாங்கிடுங்க சார்’னு சொல்ற லேப்டாப்... அதுக்கும் அறுவடை நேரத்துல நிக்கிற டிராக்டருக்கும் ஒரே கேள்விதான். காசு கொடுத்து வாங்கிட்டோம், ஆனா நம்மளுதா? எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான். எதைத் திறக்கவும் சரி பண்ணவும் முடியுமோ அதுதான் நம்மளுது. மத்ததெல்லாம் நீண்ட கால வாடகை!

மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற மக்களே... நாளைக்கு இதையெல்லாம் டிசைன் பண்ணப் போறது நீங்கதான். ஒரு ஸ்பிரிங், ஒரு வால்வுல முடியற வேலைக்கு பூட்டு போடப் போறீங்களா, ஸ்பேனர் கொடுக்கப் போறீங்களா? அதை நீங்கதான் முடிவு பண்ணணும்.

சரி, பெரியப்பா வண்டி என்ன ஆச்சு? ‘விக்காதீங்க பெரியப்பா’ன்னு ஒரு லெக்சர் அடிச்சேன். பொறுமையா கேட்டார். “ஹாரியோ யாரோ, நல்ல மனுஷனா இருக்கட்டும். இதுக்கு யாரு எண்ணெய் விடுவா? நீயா? வந்து பாத்துக்கிறதா இருந்தா நிக்கட்டும். வாய்ப்பேச்சுக்கெல்லாம் இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்க வேண்டாம்”னார்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போறேன். ஃபில்டர் அடியில தேங்கின தண்ணியை வடிச்சு, ஒவ்வொரு கிரீஸ் நிப்பிளுக்கும் கிரீஸ் அடிச்சு, ஏர் கிளீனர்ல எலி குடும்பம் நடத்துதான்னு பார்த்து, களத்துக்குள்ளயே சமதரையில ரெண்டு ரவுண்டு. பாரம் கிடையாது, ரோடு கிடையாது. அது அண்ணன் போட்ட கண்டிஷன். போன தடவை வேணும்னே எனக்குத் தெரியாம டீசல் பைப்பைக் கழட்டி மாட்டி வெச்சிருந்தார், காத்து புகட்டும்னு. வண்டி பிடிக்கல. நான் ஒண்ணும் கேட்கல, ஸ்பேனரை எடுத்தேன். ஃபில்டர் போல்ட், பம்ப் போல்ட், நாசில் நட்டு. அண்ணனுக்குப் பத்து நிமிஷம், எனக்கு நாப்பது. ஆனா பிடிச்சிடுச்சு!

கோழிதான் கோபமா இறங்கிப் போச்சு. அடுத்த வாரம் பார்க்கலாமா?